பாதைத் தகவல் பக்கத்துப் படங்களை இளைக்க வைக்கக் கோருவது

அனுப்புநர்:
ந. பதுருன்னிசா,
க/பெ. நசுருதீன்,
கம்பளி மற்றும் தைலக் கடை,
பஜார், கொடைக்கானல்.

பெறுநர்:
தகவல் அலுவலர் அவர்கள்,
மலைப்பாதை அறிவிப்புப் பிரிவு,
கொடைக்கானல்.

பொருள்: ‘இன்றைய மலைப்பாதை’ இணையப் பக்கத்தின் படங்கள் அளவுக்கு மீறிப் பருத்திருப்பது – பக்கம் திறக்க நெடுநேரம் ஆவது – அதனால் என் மகளின் திருமணம் மலையைவிட்டு இறங்கிவிடும் நிலையில் இருப்பது – படங்களை இக்காலக் கோப்பு வகைகளுக்கு மாற்றித் தரக் கோருவது – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்துக்கு நான் நேரில் வந்து சொன்னது, பின்னர் மறுபடியும் வந்து சற்று உரக்கச் சொன்னது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் கொடைக்கானல் பஜாரில் கம்பளி உடுப்பும் யூகலிப்டஸ் தைலமும் விற்று வருகிறேன். வருகிறவர்களுக்குக் குளிர் எடுத்தால் கம்பளி போகும். சளி பிடித்தால் தைலம் போகும். ஆகவே மழை, பனி, காற்று ஆகிய மூன்றோடும் எனக்கு எந்தச் சச்சரவும் இல்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். இந்த மனுவை எழுத உட்கார்ந்தபோது கடுங்கோபத்தில் இருந்தேன். நடந்ததை வரிசையாக எழுத எழுத எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கோரிக்கை கோரிக்கைதான், அதில் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

1. மலைக்கு வரும் சாலைகளில் இன்று எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று சொல்வதற்காகத் தங்கள் பிரிவு ஒரு இணையப் பக்கம் நடத்துகிறது. நல்ல காரியம். தொடங்கியவர்கள் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் சொல்ல வேண்டிய அந்த ஒரு வரி எங்கே இருக்கிறது என்பதைத் தாங்கள் தயவுசெய்து ஒருமுறை போனில் திறந்து பார்க்க வேண்டும். முதலில் பழனி மலைச்சாலை, காலை வெயிலில். அடுத்தது ஏரி. அதற்கடுத்து பைன் மரக்காடு, தூண் பாறை, பூம்பாறைப் படிவயல், மறுபடியும் ஏரி, இந்தத் தடவை படகோடு. எல்லாம் சென்ற சீசனில் தாங்கள் நடத்திய புகைப்படப் போட்டியில் பரிசு வாங்கியவை. இவை ஒவ்வொன்றாக இறங்கி முடித்தபின், அடியிலும் அடியில் இருக்கிறது அறிவிப்பு. அந்த அறிவிப்பாவது எழுத்தாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. ரோஜாப்பூ பார்டர் கட்டி, பின்னால் இன்னொரு ஏரியை வைத்து, அதையும் ஒரு படமாகவே செய்து போட்டிருக்கிறார்கள்.

ஐயா, ஏரியை எங்களுக்குத் தெரியும். பனியைப் பார்க்க வேண்டுமானால் கதவைக் கொஞ்சம் திறந்தால் போதும், அதுவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அது வருகிற வேகத்தில் பாதிகூட அதன் படத்துக்கு இல்லை.

2. என் ஒரே மகள் ஸைமாவைப் பழனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை ரஷாத்துக்குப் பேசியிருக்கிறோம். நிச்சயம் செய்வதற்காக மாப்பிள்ளை வீட்டார் புரட்டாசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வருவதாக ஏற்பாடு. அன்று என்ன நடந்தது என்பது தங்களுக்கு விளங்க வேண்டுமானால் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சம்பந்தம் பேசி முடிகிறவரை இரண்டு வீட்டாரும் ஒருவருக்கொருவர் மிகவும் மரியாதையாக இருப்போம். அந்த மரியாதை முற்றிப்போய், சமயத்தில் வாயே திறக்க முடியாது. ‘கிளம்பிட்டீங்களா?’ என்று நாங்கள் போன் செய்தால், பெண்ணைத் தள்ளிவிட அவசரப்படுகிறோம் என்று ஆகும். ‘ரோடு தெறந்திருக்கா?’ என்று அவர்கள் கேட்டால், வர மனமில்லாமல் சாக்குத் தேடுகிறார்கள் என்று ஆகும். ஆகவே அன்று காலை இரண்டு வீட்டிலும் யாரும் யாருக்கும் போன் செய்யவில்லை. இரண்டு வீட்டாரும் நம்பியது தங்கள் பக்கத்தை.

3. முந்தின நாள் ராத்திரி மழையில் பழனி சாலையில் வடகவுஞ்சிக்குப் பக்கத்தில் பாறை சரிந்து வழி அடைத்துவிட்டது. வத்தலக்குண்டு சாலை திறந்துதான் இருந்தது. இந்தச் செய்தி மட்டும் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்திருந்தால் ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு என்று சுற்றிக்கொண்டு நிம்மதியாக வந்திருப்பார்கள். அவர்கள் வெள்ளனே வேனில் ஏறி, அடிவாரத்துக்கு வந்ததும் மாப்பிள்ளையின் தாயார் சப்ரின் பீவி தன் போனில் தங்கள் பக்கத்தைத் திறந்திருக்கிறார். முதல் படம் மட்டும் இறங்கியது. பழனி மலைச்சாலை, காலை வெயில், ஈ காக்கை இல்லை. அதற்கப்புறம் போன் சுற்றிக்கொண்டே இருந்ததாம். சம்பந்தியம்மா அதுதான் இன்றைய சாலை என்று முடிவு செய்துவிட்டார். “பாருங்க, ரோடு பளிச்சுனு கெடக்கு. ஒரு வண்டி இல்ல. வெரசா விடச் சொல்லுங்க டிரைவர” என்று சொன்னவர் அவர்தான். ‘இன்றைய மலைப்பாதை’ என்று தலைப்பு வைத்த பக்கத்தில் பாதையின் படம் இருந்தால் அது இன்றைய பாதை என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அவர்மேல் பிழை சொல்ல முடியாது. பாறை சரிந்த இடத்துக்குக் கீழே உள்ள ஊர்களுக்கு வண்டி போகலாம் என்பதால் அடிவாரத்திலும் யாரும் தடுக்கவில்லை.

4. இங்கே எங்கள் வீட்டில் பிரியாணி தம்மில் இருக்கிறது. வருவார்கள், வருவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். நண்பகல் லுஹர் தொழுகை முடிந்தும் ஒருவரையும் காணோம். பழனி சாலை அடைத்துவிட்டது என்று பஜாரில் பேச்சு. மற்றச் சாலையாவது திறந்திருக்கிறதா என்று பார்க்க என் கணவர் தங்கள் பக்கத்தைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை, பயணிகள் கூட்டத்தில் சிக்னல் நூலாகத்தான் வரும். ஏரி வந்தது, மரம் வந்தது, படகு வந்தது. கடைசியில் அல்லாஹ் புண்ணியத்தில் ரோஜாப்பூ பார்டரும் தலைகாட்டியது. படம் மேலிருந்து கீழாக இறங்குமல்லவா? ‘பழனி சாலை: மூடப்பட்டுள்ளது’ என்ற வரி வந்தது. ‘வத்தலக்குண்டு சாலை:’ என்று அடுத்த வரி பாதி வந்தது. அவ்வளவுதான், நின்றுவிட்டது. மீதியை என் கணவர் நசுருதீன் தாமே முடித்துக்கொண்டார். அவர் பொதுவாகவே எதையும் மூடியதாகத்தான் நினைப்பார். “ரெண்டும் அடைப்புதான். இனி எங்கிட்டு வர்றது? சோறு வீணாப் போனா பாவம்” என்று சொல்லி, தெருவில் உள்ளவர்களை அழைத்துப் பந்தி போட்டுவிட்டார். நானும் பரிமாறினேன். தெரு முழுக்க நன்றாகச் சாப்பிட்டது. சட்டியைக் கழுவிக் கவிழ்த்தும் ஆயிற்று.

5. சாயங்கால அஸர் பாங்கு சொல்லிக்கொண்டிருக்கும்போது எங்கள் வாசலில் பீன்ஸ் மூட்டை ஏற்றுகிற ஒரு சின்ன லாரி வந்து நின்றது. பின்னாலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இறங்கினார்கள். வேனை விட்டுவிட்டு, சரிந்த இடத்தைக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து தாண்டி, வடகவுஞ்சியில் அந்த லாரிக்காரரைக் கெஞ்சி ஏறி வந்திருக்கிறார்கள். பட்டுச் சேலையெல்லாம் சேறு. சீர்த்தட்டில் ஆப்பிளுக்கு நடுவே நாலு பீன்ஸ். வழியில் சிக்னல் கிடையாது என்பதால் சொல்லவும் முடியவில்லையாம். அவ்வளவு பாடுபட்டு, காலையிலிருந்து வெறும் வயிற்றோடு, என் பெண்ணைக் கேட்டு வந்து நிற்கிறவர்களுக்கு முன்னால் நான் வெறும் சட்டியோடு நின்றேன் ஐயா. அந்த நிமிஷம் பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

6. மானத்தைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டுச் சண்முகவள்ளி. பூம்பாறைக்காரி, பூண்டு மொத்த வியாபாரம். புரட்டாசி மாதமானதால் எங்கள் பந்திக்கு அவள் வரவில்லை. பாதை அடைத்ததால் அவளுடைய பூண்டு லாரியும் வரவில்லை. லாரி வராததால் மூட்டை தூக்குகிற ஆட்களும் வரவில்லை. அவர்களுக்காக ஆக்கிய சோறு அண்டாவோடு அப்படியே இருந்தது. “அக்கா, நீங்க ஏன் கலங்குறீங்க? நம்ம வீட்டுல பூண்டுக் கொழம்பு கெடக்கு. எல்லாரையும் உள்ள கூப்பிடுங்க” என்று அவளே இலையைப் போட்டுவிட்டாள். பழனிக்காரர்கள் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளை மூன்றாம் முறை குழம்பு வாங்கியதை நானே பார்த்தேன். நிச்சயமும் நல்லபடியாக முடிந்தது. இதுவரை எல்லாம் சுகம்தான்.

7. கிளம்புகிற நேரத்தில் சப்ரின் பீவி சேலையிலிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார். “பொண்ணும் பிடிச்சிருக்கு, குழம்பும் பிடிச்சிருக்கு. இந்த மலைதான் ஒத்துவரல. கல்யாணத்தப் பழனியில மண்டபத்துல வச்சுக்கலாம். எங்க வீட்டு ஜனம் இருநூறு பேரு, எல்லாரையும் பீன்ஸ் வண்டியில ஏத்த முடியுமா?” என்றார். நியாயம்தான்.

ஆனால் ஐயா, எங்களில் நிக்காஹ் பெண் வீட்டில் நடக்கும், அதற்கடுத்த வலிமா விருந்துதான் மாப்பிள்ளை வீட்டில். எனக்கு இருப்பது ஒரே பெண். அவள் பிறந்தது இந்தத் தெருவில். அவள் என் வாசலில் இருந்துதான் கிளம்ப வேண்டும். வாடகை மண்டபத்தில் வேறு யாரோ போட்ட சீரியல் லைட்டுக்கு அடியில் நின்று அவளை அனுப்பி வைக்க எனக்கு மனசு வரவில்லை. இதை அரசாங்கத்திடம் சொல்வது முறையா என்று தெரியவில்லை. ஆனால் வேறு யாரிடம் சொன்னாலும் அந்தப் படங்கள் குறையப் போவதில்லை.

8. நான் அழுத அழுகையைக் கேட்டு, மறுவாரம் போனில் சம்பந்தியம்மாவே கொஞ்சம் இறங்கி வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “சரி, ஒண்ணு செய்வோம். வர்ற மாசம் 21ஆம் தேதி ஜும்மா முடிஞ்சு நான் டீ போடுவேன். டீயப் பக்கத்துல வச்சுக்கிட்டு அந்தப் பக்கத்தத் தெறப்பேன். டீ ஆறுறதுக்குள்ள ரோடு உண்டா இல்லையான்னு அது சொல்லிருச்சுன்னா கல்யாணம் மலையில. ஆடை கட்டிருச்சுன்னா பழனியில.” அவருடைய போன் பழையது, வீடு சந்துக்குள் இருக்கிறது, சிக்னல் சுமார். டீயோ கிளாஸில் குடிப்பார், சீக்கிரம் ஆறும். இதையெல்லாம் தாங்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

9. உடனே தங்கள் அலுவலகத்துக்கு ஓடி வந்தேன். பக்கத்தைக் கவனிக்கும் தம்பி ராஜேஷ்குமார் என்னை உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, முடியாது என்று சொன்னார். “எல்லாம் ஹெச்.டி. படம் மேடம். கொறைச்சா மங்கலாயிரும். அனுப்புன மாதிரியே போடணும்னு போட்டி விதியிலயும் இருக்கு. படம் எடுத்தவங்க சண்டைக்கு வந்துருவாங்க” என்றார். தம்பிமேல் எனக்கு வருத்தம் இல்லை. பொறுப்பான பிள்ளை, பயந்த சுபாவம்.

10. என் மகள் ஸைமாவுக்கு இதுதான் தொழில். மதுரையில் உள்ள ஒரு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே கடைகளின் இணையதளங்களைச் செப்பனிட்டுக் கொடுக்கிறாள். கல்யாணப்பெண் இதில் தலையிடக் கூடாது என்று சும்மா இருந்தவள், ராஜேஷ்குமார் சொன்னதைக் கேட்டதும், “அம்மா, படம் மங்காது. யாரு சொன்னா மங்கும்னு?” என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் எனக்குச் சொல்லிப் புரியவைத்ததைத் தங்களுக்கும் சொல்கிறேன். அந்தப் படங்கள் கேமராவில் இருந்து வந்த அளவிலேயே கிடக்கின்றன. சினிமா போஸ்டர் அளவுக்கு உள்ளதை உள்ளங்கை அகலப் போனுக்கு அனுப்புகிறோம். போன் அவ்வளவையும் வாங்கி, கடைசியில் சின்னதாக்கித்தான் காட்டுகிறது. அது ஒரு குறை. இன்னொன்று, அவை ஜேபெக், பிஎன்ஜி என்ற பழைய வகைக் கோப்புகள். இப்போது வெப்பி என்றும் ஏவிஐஎஃப் என்றும் புதிய வகைகள் உண்டு. அதே படத்தை அவை மிகக் குறைந்த இடத்தில் அடக்கிவிடும். நான் கம்பளிப் போர்வையைக் காற்றுப் போக அமுக்கிச் சின்னப் பையில் போட்டுக் கொடுக்கிறேனே, ஏறக்குறைய அந்த வேலை. இந்தப் புதிய வகை தெரியாத பழைய போன் வந்தால் அதற்கு மட்டும் ஜேபெக்கையே சின்னதாக்கிக் கொடுக்கும்படி பக்கத்தில் எழுதிவைக்கவும் முடியுமாம். ஆகவே சம்பந்தியம்மாவின் போனைப் பற்றியும் கவலை இல்லை.

11. மங்கும் என்ற பயத்தைப் போக்குவதற்காக எங்கள் கடையில் ஒரு பரீட்சை வைத்தோம். முதல் பரிசு வாங்கிய, அந்த வெயில் அடிக்கும் பழனி சாலைப் படத்தை எடுத்தவர் ஸ்டூடியோ சேனாதிபதி அண்ணன். அவரையே வரவழைத்தோம். அவர் படம் ஒரு குட்டிப் பாட்டுக் கோப்பைவிடப் பல மடங்கு கனம். ஸைமா அதை இளைக்க வைத்தபின் ஒரு சின்னக் குரல் செய்தி அளவுக்கு வந்துவிட்டது. பழையதை ஒரு போனிலும் புதியதை ஒரு போனிலும் திறந்து, எது எது என்று சொல்லாமல் முன்னால் வைத்தோம். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கறாராகப் பார்த்தார். “இதுதான் என்னோடது. இலையில வெயில் பட்டது எப்படி நிக்குது பாருங்க. அது யாரோ நசுக்குனது, பாத்தாலே தெரியுது” என்று காட்டினார். அவர் கை காட்டியது இளைத்த படத்தை. கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டோம். அவரும் கொஞ்ச நேரம் மூக்கைச் சொறிந்துவிட்டு, “ஏம்மா ஸைமா, இன்னும் கொஞ்சம் கொறைக்க முடியுமா?” என்று கேட்டார். தன் படத்தை நிஜச் சாலை என்று நம்பி ஒரு குடும்பமே மலையேறி வந்தது தெரிந்தபோது அவருக்கு வந்த பெருமையை எழுத்தில் சொல்ல முடியாது. பரிசு வாங்கிய மற்றவர்களையும் அவரே தேடிப் போய்ச் சம்மதக் கையெழுத்து வாங்கி வந்துவிட்டார். ராஜேஷ்குமார் தம்பியும் பரீட்சைக்கு உட்கார்ந்தார். அவரும் தவறவே செய்தார் என்பதை அவர் அனுமதியோடு இங்கே பதிவு செய்கிறேன்.

12. ஆகவே நான் தங்களிடம் கேட்பது இதுதான். ஒரு படத்தையும் எடுத்துவிடச் சொல்லவில்லை. படகுப் படத்தில் ஓரத்தில் என் கடைப் பலகைகூட இருக்கிறது, அதுவும் இருக்கட்டும். எல்லாவற்றையும் போன் திரைக்குத் தக்க அளவாக்கி, புதிய கோப்பு வகைக்கு மாற்றி வையுங்கள். கீழே உள்ள படங்கள் பார்க்கிறவர் விரலால் தள்ளிப் போகும்போது மட்டும் இறங்கட்டும். சாலை அறிவிப்பை ரோஜாப்பூவிலிருந்து விடுவித்து, சாதாரண எழுத்தாக உச்சியில் போடுங்கள். எழுத்துக்கு எடையே இல்லை. பரிசுப் படங்களுக்கு அடியில் ‘இது போட்டிப் படம், இன்றைய சாலை அல்ல’ என்று ஒரு வரி சேர்த்தால் எதிர்காலச் சம்பந்தியம்மாக்கள் தப்பிப்பார்கள். இது என் வீட்டுக் கல்யாணத்துக்கு மட்டுமான காரியம் இல்லை. பூம்பாறையிலிருந்து கேரட்டும் பூண்டும் ஏற்றுகிறவர்கள், பிரசவத்துக்குக் கீழே ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் எல்லாரும் அந்த ஒரு வரிக்காகத்தான் ஏரியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

வேலைப் பளு அதிகம் என்று தாங்கள் சொல்லக் கூடாது என்பதற்காக வேலையை நாங்களே முடித்துவிட்டோம். மாற்றிய படங்கள் எல்லாவற்றையும் ஸைமா ஒரு பென் டிரைவில் போட்டிருக்கிறாள். பரிசு வாங்கியவர்களின் சம்மதக் கையெழுத்தும் உடன் இருக்கிறது. ராஜேஷ்குமார் தம்பி ஒரு மாலைப்பொழுதில் ஏற்றிவிடலாம் என்கிறார். தங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

இவற்றோடு என் மகளின் திருமண அழைப்பிதழின் மாதிரி ஒன்றையும் இணைத்திருக்கிறேன். மணமகள், மணமகன், நாள், நேரம் எல்லாம் சரியாக இருக்கின்றன. ‘இடம்’ என்ற சொல்லுக்கு எதிரில் மட்டும் ஒன்றும் அச்சாகவில்லை. 21ஆம் தேதி சாயங்காலம்வரை பொறுப்பதாக அச்சகத்தில் சொல்லியிருக்கிறார்கள். தாங்கள் குடும்பத்தோடு அவசியம் வர வேண்டும். எங்கே வர வேண்டும் என்பதை மட்டும் தாங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

இடம்: கொடைக்கானல்
நாள்: 11.11.2025

தங்கள் நல்ல முடிவை எதிர்பார்க்கும்,
ந. பதுருன்னிசா
(மணமகளின் தாயார்)